மைனஸ் அக்காவின் கையிருப்பு

என் அக்காவை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைனஸ் என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதை சேர்த்து மைனஸ் அக்கா என்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் அவளுக்கு வேலை. அங்கே இரண்டு வகை அறைகள். பால், பழம், காய்கறி வைப்பது பிளஸ் ரூம். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்கும். மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் வைப்பது மைனஸ் ரூம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது. பத்தொன்பது வயதில் அந்த இரண்டாவது அறைக்குள் போனவள், பதினாறு வருடம் அங்கேயே நின்றாள். பெட்டி வந்தால் எண்ணுவது, ஏட்டில் ஏற்றுவது, முதலில் வந்ததை முதலில் அனுப்புவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்த்து எழுதுவது. இவ்வளவுதான் வேலை. ஆனால் இதை மூக்கில் பனி கட்டியபடி செய்யவேண்டும்.

மைனஸ் ரூமில் நிற்பவர்களுக்குச் சம்பளத்தோடு குளிர்ப்படி என்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். சம்பளத்தில் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் என் கல்லூரிக் கட்டணத்தில் கடன் போக மிச்சமும் போகும். குளிர்ப்படியை மட்டும் அக்கா தொடமாட்டாள். அது தனி வங்கிக் கணக்கில் போய்ச் சேரும். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பாள்.

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல். கிராமத்தில் இருந்து வந்து, பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. கட்டணம் கட்டியது அக்கா. பெருமைப்படுவது மட்டும்தான் என் பொறுப்பு. அதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டாமா?

அக்காவுக்கு அடிவயிற்றில் வலி வந்து, ஸ்கேன் எடுத்து, இரத்தம் கொடுத்து, அந்தக் காகிதங்களோடு ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ஆங்கிலத்தில் எழுதியதைப் படிப்பதற்காக நான் கூடப் போனேன். எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நேராகத் தமிழில் சொன்னார்:

"வலிக்கு மாத்திரை தரேன், அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா கருமுட்டை கையிருப்பு உங்க வயசுக்கு ரொம்பக் குறைவா இருக்கு."

கையிருப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் தினமும் எழுதும் வார்த்தை.

"எத்தன நாளைக்கு வரும் டாக்டர்?"

"உறுதியா சொல்ல முடியாது. ரெண்டு வருஷமும் ஆகலாம், நாலும் ஆகலாம்."

"புது வரத்து?"

"கிடையாதும்மா. பொறக்கும்போது கொண்டு வந்ததுதான்."

"அப்ப இருக்கறத எடுத்து வெக்கறதுதான் வழி."

டாக்டர் பேனாவை மூடினார். "இத மத்தவங்களுக்குப் புரிய வைக்க எனக்கு அரைமணி நேரம் ஆகும்" என்றார். அக்காவுக்கு ஒரு நிமிடம் ஆகியிருந்தது. எனக்குப் பேருந்தில் வீடு திரும்பும்வரை ஆனது.

அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆனது. நாங்கள் மூவரும் இருப்பது இரண்டு அறை வீடு. முன்னறையில் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கும். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றதப் பாத்தா பேரப்புள்ளைய பிரிட்ஜுல வெக்கற மாதிரி இருக்குடி."

"புள்ள இல்லம்மா. முட்டை. வெறும் முட்டை. இப்ப எடுத்து வெச்சுட்டா பின்னாடி வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்."

"கல்யாணம் பண்ணிக்கிட்டா இதெல்லாம் தன்னால நடக்கப் போவுது."

"மாப்பிள்ள எங்க?"

"தேடணும்."

"தேடு. நான் வேணாங்கல. நீ தேடி முடிக்கற வரைக்கும் சரக்கு கெடாம இருக்கணுமில்ல?"

அம்மா யோசித்தாள். "செலவு எவ்வளவு?" என்றாள். அக்கா எதையும் சம்பளத்தில்தான் கணக்கு சொல்வாள். "எட்டு மாச சம்பளம்" என்றாள். அம்மா அதற்குப் பிறகு மாப்பிள்ளை பேச்சை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

குளிர்ப்படிக் கணக்கில் அப்போது எட்டரை மாதச் சம்பளம் இருந்தது. அரை மாதம்தான் மிச்சம். ஒரு சுற்றுக்கு மட்டும்தான் காணும் என்பது அக்காவுக்குத் தெரியும். சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை என்ற பேச்சுக்கு இடமில்லை. மறுபடி இவ்வளவு சேர்வதற்குள் கையிருப்பே தீர்ந்துபோகும். விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரே விரல்.

மருத்துவமனை தேட ஆரம்பித்தோம். முதலில் போன இடத்தில் வாசலில் நீரூற்று இருந்தது. உள்ளே காப்பி கொடுத்தார்கள். விளக்கம் சொல்லும் பெண் ஒரு படப்புத்தகத்தை விரித்து, சிரித்த குழந்தைகளாகக் காட்டிக்கொண்டே போனாள். அக்கா பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்கு. டேங்க்கு எங்க இருக்கு?"

"மேடம்?"

"முட்டை வெக்கற டேங்க்கு. கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"அது கரண்ட்ல ஓடறது இல்ல மேடம். திரவ நைட்ரஜன்."

"அது குறையுமில்ல? யாரு ஊத்தறாங்க? ஞாயித்துக்கிழம யாரு ஊத்தறாங்க?"

அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் ஏட்டை எடுத்து வந்தாள். கேட்டதும் காட்டினார்கள், அதையும் சொல்லவேண்டும். அக்கா நான்கு பக்கம் புரட்டினாள். மூடி, நன்றி சொல்லி, எழுந்தாள். காப்பியை மட்டும் குடித்து முடித்தாள்.

"என்னக்கா?"

"சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சுல எழுதின எழுத்து. திங்கக்கெழம வந்து உக்காந்து எழுதியிருக்கான். நானும் புதுசுல அப்படித்தான் எழுதினேன். சூப்பர்வைசர்கிட்ட மாட்டினேன்."

இரண்டாவது இடம் கல்யாணமானவர்களுக்கு மட்டும். மூன்றாவது, ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. நீரூற்று இல்லை, மின்தூக்கியும் இல்லை. அங்கே லேப் ஆள் ஒருவர் இருந்தார், தலைக்கு நீலத் தொப்பி, காலுக்கு ரப்பர் செருப்பு. அக்கா ஏட்டைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. தினமும் கைப்படக் குச்சி விட்டு அளந்து, மை மாறி மாறி, ஒரு நாள் டீக்கறையோடு எழுதிய ஏடு.

"மைனஸ் எவ்வளவு சார்?"

"நூத்தித் தொண்ணூத்தாறு."

அக்கா ஏட்டை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "எங்ககிட்ட இருபதுதான்" என்றாள், பெரிய இடத்துச் சம்பந்தி முன்னால் நிற்கிற குரலில். அவர்கள் இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் டயர்கள் வந்து இறங்குவதை வேடிக்கை பார்த்தேன். இங்கே ஊசி மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதில் அரை மாதச் சம்பளம் மிச்சம். அங்கேயே முன்பணம் கட்டினோம்.

மருந்து பேனா வடிவத்தில் வரும். முனையில் ஊசி, எண்ணைத் திருப்பி வைத்து அழுத்தினால் அவ்வளவு மருந்து வயிற்றுத் தோலுக்குள் போகும். ஒரு சுற்றுக்கு ஆகிற பேனாக்களுக்கு மட்டும் மூன்று மாதச் சம்பளம்.

"பேனாவுக்கா?" என்றாள் அம்மா. "அப்படி என்னத்த எழுதும்?"

மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள் முதல் ஊசி. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மொத்த மருந்துக்கடையில் சொல்லிவைத்திருந்த பேனாக்கள் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அக்காவுக்குக் காலை முறை. எனக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. நான் போய் வாங்கிவந்தேன், பனிக்கட்டிப் பையோடு, தெர்மகோல் பெட்டியில். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் லாரி பின்வாங்கும் சத்தம்.

"வாங்கிட்டேன்கா. இத எப்படி வெக்கறது?"

"என்னடா? கேக்கல."

"மருந்து! எப்படி வெக்கணும்?"

"என் ரூம்ல இருக்கற மாதிரி வைடா. வெளிய மட்டும் வெச்சுடாத" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் ரூம் எது? உலகத்துக்கே தெரியும். பதினாறு வருடமாக அவள் பெயரே அதுதானே. தவிர, இந்த ஒரு மாதமாக வீட்டில் உறைய வைப்பது உறைய வைப்பது என்று இதே பேச்சு. மேல் அறையைத் திறந்தேன். அம்மா வைத்திருந்த மீன் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி, பேனாப் பெட்டிகளை அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். படிக்கவில்லை.

மறுநாள் மதியம் வேலையிடத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவின் குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 'உறைய விடாதீர்கள்' என்று ஒரு வரி. நீர் கலந்த பெயிண்ட் எல்லாவற்றிலும் இருக்கிற வரிதான். உறைந்தால் உள்ளே சேர்ந்திருப்பது பிரிந்துபோகும், பிறகு கலக்கினாலும் சேராது. படித்துக்கொண்டே வந்தவனுக்குப் பேனாப் பெட்டியின் கொட்டை எழுத்து நினைவுக்கு வந்தது. அரைநாள் விடுப்பு போட்டு வீட்டுக்கு ஓடினேன். பேனாக்கள் கல்லாக இருந்தன. பெட்டியில் தெளிவாகப் போட்டிருந்தது: இரண்டிலிருந்து எட்டு டிகிரி. உறைந்தால் பயன்படுத்தக் கூடாது.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. நான் அவற்றை எடுத்து மேசையில் வைத்து இளகவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மருந்து தண்ணீர்போலத் தெளிந்துவிட்டது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. பெட்டிகளைத் துடைத்து, கீழ்த்தட்டில் அடுக்கிவைத்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனம். ஒன்றும் ஆகியிருக்காது என்று இன்னொரு மனம். இரண்டும் பட்டதாரி மனம்தான்.

அக்கா ஐந்தரைக்கு வந்தாள். கைகழுவி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒரு பேனாப் பெட்டியை எடுத்தாள். திறக்கவில்லை. கட்டைவிரலால் அட்டையின் மூலையை ஒருமுறை அழுத்தினாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் அழுத்தினாள்.

"இது உறைஞ்சு எளகின அட்டை" என்றாள்.

நான் மேசையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"டேய். ஒரு நாளைக்கு நானூறு அட்டை தொடறவ நான்."

"மேல வெச்சிட்டேன்கா."

"ஏன்?"

"நீதானே சொன்ன, உன் ரூம்ல இருக்கற மாதிரி வைன்னு. உன் ரூம் மைனஸ்தானே?"

"நான் பிளஸ்ஸுக்கு மாறி பத்து நாளாச்சு."

இது எனக்குப் புதுச் செய்தி. ஊசி போட்டுக்கொண்டு, வீங்கிய வயிற்றோடு அந்தப் பெரிய குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கமுடியாது என்று அவளே கேட்டு மாறியிருக்கிறாள். குளிர்ப்படி நின்றுபோய்விட்டது. அது அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று வீட்டில் சொல்லவில்லை.

"அத யார்கிட்ட சொன்ன?" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லல." கொஞ்சம் யோசித்தாள். "சரி, பாதித் தப்பு என்னோடது. முக்காவாசி உன்னோடது."

"கணக்கு ஒண்ணேகால் வருதேக்கா."

"கால் வட்டி. எடுத்துக் கீழ வெச்சுட்டு சொல்லாம இருந்ததுக்கு."

அம்மா கட்டிலில் இருந்து, "மீன் வெக்கற எடத்துல மருந்த வெக்கறானேன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

"யார்கிட்டம்மா சொன்ன?"

"மனசுக்குள்ள."

அக்கா மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தாள். அந்த நர்ஸ் ஐம்பது வயதுக்காரர். யாரையும் மேடம் என்று சொல்லமாட்டார். உறைந்ததைப் போடவே கூடாது, போட்டால் வெறும் தண்ணியைக் குத்திக்கொள்கிற கணக்குத்தான் என்றார். மருந்துக்கடைக்காரரோ விற்ற மருந்து விற்றதுதான், அதிலும் குளிர்மருந்தைத் திரும்ப வாங்கும் பேச்சே இல்லை என்றார். நியாயம்தான். அக்காவின் கிடங்கிலும் அதே சட்டம்.

அன்று அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பேனாப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கி, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டுப்போன சரக்கைக் கிடங்கில் அப்படித்தான் தனியாக அடுக்கி, எண்ணி, எழுதி, பிறகு வெளியேற்றுவார்கள். எண்ணி முடித்தபின் சொன்னாள்: "மூணு மாச சம்பளம் சேக்க அஞ்சு வருஷம் ஆகும். அஞ்சு வருஷத்துல எடுக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது."

நான் கடன் வாங்குகிறேன் என்றேன். "படிச்ச கடனே இன்னும் பாதி இருக்கு" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு, சிகிச்சையை நிறுத்திக்கொள்வதாகச் சொல்ல மருத்துவமனைக்குப் போனோம். நர்ஸ் கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கு?"

"கெமிஸ்ட்ரி" என்றேன்.

"நல்லவேள, டாக்டருக்குப் படிக்கல" என்றவர், அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, பேனாவிலதான் போடணும்னு யாரு சொன்னா? பழைய மருந்து இருக்கு. தூளு. தண்ணி கலந்து சிரிஞ்சில எடுத்துப் போடணும். அது ஏசி பஸ்ஸு, இது டவுன் பஸ்ஸு. ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் போவுது. டவுன் பஸ்ஸுல இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான்."

"விலை?"

"மூணுல ஒண்ணு."

அக்கா டாக்டர் அறைக்குள் போனாள். இந்த டாக்டர் ஆண், அவசரக்காரர். தூள் மருந்து தாராளமாகப் போடலாம், அளவை மாற்றி எழுதித் தருகிறேன் என்றார். "முதல்லயே கேட்டிருந்தா எழுதியிருப்பேனே."

"கேக்கணும்னு யாரும் சொல்லலையே டாக்டர்" என்றாள் அக்கா. அவர் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்.

அந்த ஒரு மாதச் சம்பளத்தை நான் கொடுத்தேன். என் சம்பளத்தில் இருந்து. அக்கா எண்ணி வாங்கிக்கொண்டாள். "இது உதவி இல்ல. அபராதம். எங்ககிட்ட சரக்க ஒடச்சவன்தான் கட்டணும்" என்றாள். எனக்கும் அப்படிச் சொன்னதுதான் நிம்மதியாக இருந்தது.

தூள் மருந்தைக் குளிரில் வைக்கவே தேவையில்லை. சாதாரணமாக அலமாரியில் இருக்கலாம். அம்மா அதைத் தன் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னை அந்தப் பக்கம் விடவில்லை. தினமும் மாலை ஏழு மணிக்குச் சாவியோடு வந்து, மூன்று குப்பிகளை எடுத்து மேசையில் வைப்பாள். கலக்குவது மட்டும் என் வேலை. ஒரு மில்லி தண்ணீரை முதல் குப்பியில் விட்டு, குலுக்காமல் உருட்டி, அது கரைந்ததும் அதையே எடுத்து இரண்டாவதில், பிறகு மூன்றாவதில். நுரை வரக்கூடாது, காற்றுக்குமிழி நிற்கக்கூடாது. மூன்று வருடம் சோதனைக்குழாயோடு படித்த படிப்பு அந்தப் பத்து நாளும் முழுசாகப் பயன்பட்டது. குத்திக்கொள்வது அக்காவே. முதல் நாள் ஊசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"உரலுக்குள்ள தலைய விட்டாச்சு. அப்புறம் என்ன?"

அக்கா குத்திக்கொண்டாள். "டவுன் பஸ்ஸேதான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பழத்தட்டுகளை இறக்க வந்தவர் அக்காவைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டாராம்.

"என்ன மைனஸ், பிளஸ்ல நிக்கற?"

"வயசாவுதில்ல அண்ணே."

"அதான் மொகம் வீங்கியிருக்கு. சூடு ஒத்துக்கல ஒனக்கு."

ஆறாம் நாள் ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, வலது சினைப்பையில் நாலு முட்டை வளருது, இடதில் ஒண்ணு என்றார். நாலுக்குக் கீழே போனால் இந்தச் சுற்றை நிறுத்திவிடுவதுதான் நல்லது, எடுத்தும் பிரயோஜனம் இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தார். ஐந்து. விளிம்பு. நர்ஸ் அக்காவின் தோளைத் தட்டிவிட்டு, "வளரட்டும், அவசரப்படாத" என்றார். அக்கா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். கீழே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருவேள அந்தப் பேனா மருந்தா இருந்திருந்தா கூட வந்திருக்குமோ?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருந்திருக்கும், இருந்திருக்காது. உள்ள இருக்கறதுதான்டா வளரும்." பிறகு, "நீ கலக்கறது சரியாத்தான் இருக்கு" என்றாள். என் பட்டமளிப்பு விழாவில்கூட என்னை யாரும் இப்படிப் பாராட்டவில்லை.

ஒன்பதாம் நாள் ஸ்கேனில் இடதுபக்கம் இன்னொன்று தெரிந்தது. ஆறு. பன்னிரண்டாம் நாள் எடுத்தார்கள். லேசான மயக்கம், இருபது நிமிடம். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். நான் வெளியே உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதை விட்டால் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. அக்காவைப் படுக்கைக்குக் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் கழித்து லேப் ஆள் வந்தார், அதே நீலத் தொப்பி.

"ஆறு எடுத்தோம். ரெண்டு முதிரல. நாலு உறைய வைக்கற பக்குவம்."

அக்கா மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கேட்டாள்: "நாலுன்னா எவ்வளவு உறுதி?"

"உறுதின்னு சொல்ல முடியாது மேடம். உருக்கும்போது எல்லாமே பிழைக்கறதில்ல. பத்து இருந்தா நல்லது. நாலுங்கறது... ஒண்ணுமே இல்லாததுக்கு நாலு பரவாயில்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவர் பொய் சொல்லாதது அக்காவுக்குப் பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது. அழகான பொய் ஒன்றைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். கண்ணின் ஓரம் ஈரமாகி, காதுப்பக்கம் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை; கையில் ஊசி ஏற்றியிருந்தது. பிறகு எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"சார், உங்ககிட்ட எத்தன டேங்க்கு?"

"ரெண்டு."

"ஒரே சரக்க ஒரே ரூம்ல வெக்க மாட்டோம் நாங்க. ஒண்ணு கெட்டா மொத்தமும் போயிடும். ரெண்டு அதுல, ரெண்டு இதுல வெக்க முடியுமா?"

லேப் ஆள் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"வாடகை ரெண்டாயிடுமா?"

"வாடகை ஆளுக்குத்தான், டேங்க்குக்கு இல்ல. ஆனா ரெண்டு படிவம், ரெண்டு கையெழுத்து."

"குடுங்க."

படிவத்தை நான் படித்துச் சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், அடிக்குறிப்பு உட்பட. அதில் ஒரு கேள்வி: உரிமையாளர் இறந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்வது? அழித்துவிடவும், ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும், குறிப்பிட்ட உறவினரிடம் ஒப்படைக்கவும். மூன்று கட்டங்கள். நான் மூன்றாவதைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

"அழிச்சிடவும்னு போடு" என்றாள்.

போட்டேன். அவள் இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டாள். பதினாறு வருடமாக ஏட்டில் சரக்குக்குக் கீழே போடுகிற அதே சின்னக் கையெழுத்து. தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் எழுதினாள். நேரம் எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை, ஓரத்தில் எழுதினாள்.

மூன்று நாள் விடுப்பு கேட்டிருந்தாள், இரண்டுதான் கிடைத்தது. மாலை ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு குழிக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநர் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழுந்தார். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"எத்தன?"

"நாலும்மா."

அம்மா அப்படியே நின்றாள். "நாலா?" என்றாள். "நாலையும் யாருடி பாத்துக்கறது? எனக்கு முட்டி வலிக்குதே."

அக்கா செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தால் வலிக்கும், ரெண்டு நாளைக்குச் சிரிக்காதே என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். "அம்மா, பேசாத. தயவுசெஞ்சு பேசாத" என்றாள்.

"பேசாம எப்படி? ரெண்டுன்னா சமாளிச்சிருவேன்" என்றாள் அம்மா.